தோல் போதும், பழம் வேண்டாம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் இத்தனை காலமாகக் குப்பையில் எறிந்துகொண்டிருந்தது வெறும் ஆரஞ்சுத் தோலை அல்ல, தன்னுடைய எதிர்காலத்தையே. இனி அந்த அநியாயம் நடக்காது. ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் நடக்க விடமாட்டார்.

இந்தப் பிரகடனத்தை இயக்குநர் பத்திரிகைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, அந்த வேலையை உண்மையில் செய்துகொண்டிருந்தவர் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுத் தோலிலிருந்து மருந்துச் சத்தைப் பிரிப்பதில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் அவருக்குத் தோல் டாக்டர் என்று பெயர். குடியிருப்பில் யாருக்கு அரிப்பெடுத்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மறுத்துப் பார்த்து அலுத்துப்போய், "குளிச்சிட்டு நல்லா துடைங்க" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். பாதிப் பேருக்குச் சரியாகிவிட்டது.

வேலை ஒப்பந்த வேலை. வீடு நிலையம் கொடுத்த வீடு. நிதி தரும் வாரியத்தின் தலைவர் நேரில் வந்து செய்முறை விளக்கம் பார்க்கப்போகிறார். அன்று சொதப்பினால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் வீடு போகும். வீடு போனால், இடுப்பெலும்பு முறிந்து பின்னறையில் கிடக்கும் மாமியாரை எங்கே தூக்கிக்கொண்டு போவது? இந்த வீட்டில் படி கிடையாது. வாசலிலிருந்து குளியலறை வரை சக்கர நாற்காலி தடையில்லாமல் உருளும். வெளியே அப்படி ஒரு வீடு அவருடைய சம்பளத்துக்குக் கிடைக்காது.

வேலை என்னவோ சுலபம்தான். தோலை இளஞ்சூட்டில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைக்க வேண்டும். ஒரு மூட்டைத் தோலுக்கு ஒரு சின்னக் குப்பி இளமஞ்சள் பொடி மிஞ்சும். இயக்குநர் அதைத்தான் எதிர்காலம் என்றார்.

மறுநாள் காலை பத்திரிகையில் 'குப்பையில் கிடக்கும் தங்கம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. சனியன் பிடித்தது அங்கேதான்.

"அண்ணே, மூட்டை எங்க?" என்று வழக்கமான ஜூஸ் கடையில் போய் நின்றார் தோல் டாக்டர்.

"எந்த மூட்டை?"

"தோல் மூட்டைண்ணே. வாராவாரம் எடுத்துட்டுப் போறதுதானே."

"அப்போ அது குப்பை, எடுத்துட்டுப் போனீங்க. இப்போ தங்கமாமே. சும்மா தூக்கிக் கொடுக்க நான் என்ன கேணையனா?"

"ஒரு மூட்டைக்கு ஒரு சிட்டிகைதாண்ணே வரும்."

"சிட்டிகையா இருந்தாலும் தங்கம் தங்கம்தானே. விலை ஏறட்டும்னு வச்சிருக்கேன்."

கடைக்குப் பின்னால் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடியில் இருந்தவற்றில் பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது.

"ஈ மொய்க்குதுண்ணே!"

"தங்கம்னா நாலு பேர் மொய்க்கத்தான் செய்வாங்க டாக்டரே."

ஊரிலுள்ள அத்தனை ஜூஸ் கடையிலும் இதே பதில். குப்பை அள்ளுகிறவர்கூட வண்டியை மூடிக்கொண்டு போனார். தோல் டாக்டர் இயக்குநரின் அறைக்கு ஓடினார்.

"சார், தோல் கிடைக்கல."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கழிவுக்குப் பஞ்சம்னு சொன்ன முதல் மனுஷன் நீங்கதான்யா."

"விலை கேக்கறாங்க சார்."

"கழிவைக் காசு கொடுத்து வாங்க விதியில இடமில்ல. பழம் வாங்குங்க. சிற்றுண்டிக் கணக்குல எழுதிக்கலாம். பழம்னா தோலோடதானே வரும்?"

வந்தது. ஒரு வண்டி நிறைய, பளபளவென்று மெழுகு பூசிய பழங்கள். அந்த மெழுகு வடிதாளை அடைத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். நிலையத்தில் கை போதவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கழுவினாள், மச்சான் உரித்தான், மாமியார் படுத்தபடியே நகத்தால் உரித்தார்.

"ஏங்க, தோலை எடுத்தாச்சு. பழத்தை என்ன பண்றது?"

"சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் வாய் புண்ணாகிப்போனது. மச்சான் பேசுவதையே நிறுத்திவிட்டு ஜாடையில் திட்டினான். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு மனைவி தெருவில் இறங்கினாலே கதவுகள் சாத்திக்கொண்டன.

"மாப்பிள்ளே, என் பொண்ணை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தப்போ பழமாட்டம் இருந்தா. இப்போ பாருங்க, தோல்தான் மிச்சம்," என்றார் மாமியார்.

"எனக்கு அதுதான் வேணும் அத்தை."

மாமியார் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கையிலிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "வீடு போயிடுமா?"

"உரிங்க அத்தை."

மிஞ்சிய பழத்தைப் பீப்பாய் பீப்பாயாக ஆய்வகத்தின் பின்புறம் கொண்டுபோய் மறைத்தார். கழிவை ஒழிக்கும் திட்டம் அதற்குமுன் இவ்வளவு கழிவை உண்டாக்கியதில்லை.

வாரியத் தலைவர் வந்த நாளில் எல்லாம் பழுதில்லாமல் நடந்தது. பொடி இறங்கியது. இயக்குநர் குப்பியைச் சாமி சிலை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். கைதட்டல் ஓய்கிற நேரத்தில் தலைவர் மூக்கைச் சுளித்தார். ஜன்னல் வழியே புளித்த வாடை. 'என்ன நாத்தம்?' என்று கேட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

தோல் டாக்டர் பின்னாலேயே ஓடினார். பீப்பாய்களில் அம்மணமாகக் கிடந்த ஆயிரக்கணக்கான ஆரஞ்சுகள் வெயிலில் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்ன?"

தோல் டாக்டர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இயக்குநர் முந்திக்கொண்டார்.

"எங்க அடுத்த திட்டம் சார். தோலில்லாப் பழக் கழிவு. உலகத்துலேயே இங்க மட்டுந்தான் கிடைக்குது."

தலைவர் நெகிழ்ந்துபோனார். அங்கேயே, ஒரு பீப்பாயின் மூடிமேல் வைத்து, அந்தப் புதுத் திட்டத்துக்கான நிதிக்குக் கையெழுத்துப் போட்டார்.

கார் கிளம்பியதும் தோல் டாக்டர் இயக்குநரைப் பிடித்துக்கொண்டார். "சார், அப்போ என் ஒப்பந்தம்..."

"நீங்க தோல் ஆளாச்சே. இதுக்குப் பழத்துல படிச்ச ஆள் வேணும்."

"தோல் திட்டம்தான் ஜெயிச்சிருச்சே சார்!"

"அதான்யா சிக்கல். ஜெயிச்சிருச்சு, முடிஞ்சிருச்சு. முடிஞ்ச திட்டத்துக்கு ஆள் எதுக்கு?"

"தோத்திருந்தா?"

இயக்குநர் உண்மையான வருத்தத்தோடு அவர் தோளைத் தட்டினார். "தோத்திருந்தா நீட்டிச்சிருப்போம்."

புதிதாகக் கிடைத்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை.