ஆன்வில் பப்பும் லென்னியின் கைகளும்

கூட்டத்துக்குக் கிளம்பும் முன் கேய்னர் தன் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்து, அவன் கோட்டுப் பைகளுக்குள் அவளே திணித்துவிட்டாள்.

"இங்கயே இருக்கணும். எவன் என்ன சொன்னாலும் சரி, மூஞ்சியில துப்பினாலும் சரி. கை வெளிய வந்துச்சு, நானே ஒடிச்சுப் போட்டுருவேன்."

"மூக்கு அரிச்சா?" என்றான் லென்னி.

"சொல்லு, நான் வந்து சொறிஞ்சு விடுறேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லென்னி கூரை வேலை செய்பவன். வெள்ளிக்கிழமை தோறும் ஆன்வில் பப்பில் டிரம்ஸ் அடித்தவன். பப்பை நடத்திவந்த மொய்ரா செத்துப்போய், பூட்டை மாற்ற ஆள் வந்தபோது, வந்தவனின் தாடையை உடைத்துவிட்டான். பூட்டு மாற்ற வந்தவன் என்ன செய்வான் பாவம், அவன் பிழைப்பு அது. நீதிபதி ஒன்றரை வருடச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தார். இன்னொருவன் மேல் கை வைத்தால் நேரே உள்ளே போக வேண்டியதுதான். இருபது வயதில் ஒருமுறை சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், திரும்பிவந்தபின் யாரிடமும் பேசாமல், சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டதைக் கேய்னர் பார்த்திருக்கிறாள். இன்னொரு முறை போனால் அவன் முழுசாகத் திரும்ப மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆன்வில் திறந்தாலும் ஒன்றுதான், இடிந்தாலும் ஒன்றுதான். தம்பி உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஹெக்டன் ஊர் அந்த வசந்தத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மூடிக்கிடந்த ஆன்விலை நாடெங்கும் கிளை வைத்திருக்கும் காப்பர் ஜக் கம்பெனி வாங்கப் போகிறது. மலிவான பியர், காலை ஏழு மணிக்கே பொரித்த முட்டையும் பன்றி இறைச்சியும், தரையெல்லாம் பூப்போட்ட கம்பளம். பாட்டு மட்டும் கிடையாது. கவுன்சில் அனுமதி தருவதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். மெதடிஸ்ட் சபைக் கூடத்தில், நல்ல வெயில் இருக்கும் சாயங்காலத்தில், நாற்காலி போட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேய்னர் கூடத்தின் கதவருகே சுவரில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஆன்விலின் வாசலில் காவலுக்கு நின்று நின்று, கூட்டம் கூடிய இடத்தில் உட்காரவே அவளுக்கு மறந்துவிட்டது.

மேடைக்குக் கீழே கவுன்சிலர் மிஸஸ் அக்ராய்ட் தலைமை தாங்கினார். காப்பர் ஜக்கிலிருந்து வந்த பெண் படம் போட்டுக் காட்டினாள். "இந்தக் கட்டடத்தின் இசைப் பாரம்பரியத்தை மதிக்கும் வகையில், நுழைவாயிலில் ஒரு கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறோம்" என்றாள்.

"கண்ணாடிப் பொட்டியில வைக்க அது என்ன மீனா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். ஆன்வில் ஆட்கள் ஓவென்று சிரித்தார்கள்.

பப்பை ஒட்டிய வீட்டுக்காரர் நார்மன் எழுந்தார். எழுபதைத் தாண்டியவர், இடுப்பெலும்பு மாற்றியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "சிரிப்பீங்கப்பா, ஏன் சிரிக்க மாட்டீங்க. என் பொண்டாட்டி கல்யாணமானதுலேர்ந்து காதுல பஞ்சு வச்சுத்தான் தூங்கினா. நான் கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேக்கல. அந்தச் சத்தத்துல எங்க வீட்டு பீங்கான் நாய் அலமாரியிலேர்ந்து தானா நடந்துபோய் விழுந்து செத்துச்சு. எனக்கு ஒரு கிளாஸ் பியர், ஒரு பேப்பர், ஒரு அமைதி. அது போதும்."

"நாய்க்கு அஞ்சலி!" என்று யாரோ சொல்ல, அதற்கு நார்மனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், தாழ்ப்பாள் போடும் கழிப்பறை உள்ள ஒரு பப் ஊருக்கு வந்தால் யார் குடி கெட்டுவிடும் என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆன்விலின் கழிப்பறைக் கதவைப் பல வருடமாக உள்ளே இருப்பவர்கள்தான் கால் முட்டியால் முட்டுக்கொடுத்து மூடிவந்தார்கள்.

லென்னியின் முறை வந்தது. கைகள் பையிலிருக்க, அப்படியே எழுந்து நின்றான்.

"எனக்குப் பேச வராது. வேலை போனப்ப நான் யாரையும் அடிக்கல. என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போனப்பவும் அடிக்கல. ஏன்னா வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க போயி டிரம்ஸோட தோல் கிழியிற வரைக்கும் அடிப்பேன், வீட்டுக்கு வந்து தூங்கிருவேன். அதை மூடினாங்க. மூடின வாரமே ஒருத்தன் தாடையை உடைச்சேன். இந்த ஊர்ல என்னை மாதிரி நிறைய பேர் இருக்கோம். எங்களை எங்க கொண்டுபோய் வைப்பீங்க? அவ்வளவுதான்."

கூடம் அமைதியானது. நார்மன்கூடக் குனிந்துகொண்டார். அந்த அமைதி பொறுக்காதவன் ஒருவன் அங்கே இருந்தான். வேய்ன் கிராப்ட்ரீ, சுவர் பூசும் வேலைக்காரன். காப்பர் ஜக்கின் பூச்சு வேலை அவனுக்கென்று பேச்சு முடிந்திருந்தது. ஒரு பெண்ணின் சட்டைக்குள் கையை விட்டதற்காக, ஆன்விலுக்குள் ஆயுளுக்கும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கேய்னர் அவனைத் தெருவில் தூக்கி எறிந்திருக்கிறாள்.

"அப்போ நீ குத்துறதுக்கு ஊரே சேர்ந்து ஒரு மூட்டை தொங்கவிடணுங்கிறியா?" என்றான் வேய்ன்.

"நீயே போய்த் தொங்கேன், மூட்டைச் செலவு மிச்சம்" என்றான் லென்னி.

கூடம் வெடித்துச் சிரித்தது. வேய்னின் கழுத்து சிவந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "உன் மொய்ரா எப்படிச் செத்தான்னு இவங்களுக்குச் சொல்லேன். குடிச்சுக் குடிச்சு, தன் மூத்திரத்துலயே மூணு நாள் ஊறிக் கெடந்தா. அந்த நாத்தம் போகத்தான்டா நான் சுவர் பூசப் போறேன்."

மொய்ராவின் உடலைக் கண்டெடுத்தது லென்னிதான். அவன் முகம் வெளுத்தது. தோள்கள் ஏறின. ஆனால் கைகள் பையை விட்டு வரவில்லை.

"என்னடா, உங்கக்கா கையைப் பையோட சேர்த்துத் தச்சுட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே வேய்ன் அவன் வாயில் குத்தினான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆன்விலில் மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடும் கூட்டத்தில் கைகலப்பு வராத நாள் கிடையாது. அதற்கு மொய்ரா ஒரு சட்டம் வைத்திருந்தாள். பாட்டு ஓடும்போது காவல்காரி நடுவில் இறங்கக் கூடாது. இறங்கினால் இரண்டு பேர் சண்டை பத்துப் பேர் சண்டையாகும். விட்டுவிட்டால் பாட்டோடு சேர்ந்து அதுவும் அடங்கும். அங்கே பாட்டுகளும் நீளமில்லை. பாட்டு நின்ற பிறகும் எவனாவது பிடியை விடாமல் இருந்தால்தான் கேய்னர் போய்க் காலரைப் பிடிப்பாள். அதுவரை மற்றவர்கள் வட்டம் கட்டி இடம் விட்டு நிற்பார்கள். அத்தனை வருடத்தில் ஒருவன்கூட அங்கே சாகவில்லை. அது அவர்களுக்குப் பெருமை.

அதனால் முதல் குத்து விழுந்ததும் ஆன்வில் ஆட்கள் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்து வட்டம் கட்டினார்கள். கேய்னர் குதிகாலில் எடையைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பார்த்தபடி நின்றாள். அவள் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக நின்றது. இதோ அடங்கிவிடும் என்று நின்றது.

இரண்டாவது குத்தில் லென்னியின் மூக்கு உடைந்து சட்டை நனைந்தது. மூன்றாவது காதின் மேல் விழுந்தது. குழந்தைக்காரி வீறிட்டாள். மிஸஸ் அக்ராய்ட் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். லென்னி ஆடினான், விழவில்லை. வேய்னைப் பார்க்காமல், ரத்தத்துக்கு நடுவிலிருந்து கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வேய்ன் ஒரு கையால் அவன் தலைமுடியைப் பற்றி, மறு கையால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குத்தினான்.

பாட்டே ஓடவில்லை என்பது கேய்னருக்கு அப்போதுதான் உறைத்தது. முடிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அவள் கால் எடுத்து வைப்பதற்குள் லென்னி சாய்ந்தான். விழுகிறவன் எவனும் கையை ஊன்றுவான். அவன் கைகள் பைக்குள் இருந்தன. சுவரோரம் இருந்த இரும்பு ரேடியேட்டரின் மூலையில் தலை முழு எடையோடு மோதி, அந்தச் சத்தம் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

பிறகு கேய்னர் செய்தது முழுவதும் அவளுக்கு நினைவிருக்கிறது. கோபத்தில் கண் மண் தெரியவில்லை என்று வக்கீலிடம் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் நன்றாகவே தெரிந்தது. மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து வேய்னின் முழங்காலின் பக்கவாட்டில் வீசினாள். கால் போகக் கூடாத பக்கம் போயிற்று. விழுந்தவனின் வலது கையைத் தரையோடு வைத்து, பூட்ஸ் குதிகாலால் மிதித்தாள். விரல்கள் ஒடிவது காலுக்குத் தெரிந்தது. மறுபடியும் மிதித்தாள். அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தத் தொடங்கினாள்.

"போதும் கேய்னர், போதும், விட்டுரு" என்று அவன் உடைந்த பற்களோடு கெஞ்சினான். அவளுக்குக் கேட்டது. நிறுத்தவில்லை. அவன் கெஞ்சக் கெஞ்ச அவளுக்கு இன்னும் வெறி ஏறியது. கெஞ்சுவதை அவன் நிறுத்திய பிறகும் குத்தினாள்.

ஆன்வில் ஆட்கள் வட்டம் கட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவளைவிடப் பலசாலிகள் அதில் பலர். ஒருவனும் நடுவில் வரவில்லை. இடம் விட்டு, கைகளைத் தொங்கப் போட்டு, அடங்கட்டும் என்று பொறுமையாக நின்றார்கள்.

வட்டத்தை முட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் நார்மன். ஆன்விலுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காதவருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. பின்னாலிருந்து அவள் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து இழுத்தார். "விடு கண்ணு, செத்துருவான், விடு!" அவள் முழங்கை அவர் வாயில் விழுந்தது. பல்செட் தெறித்து நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. கிழவர் பிடியை விடவில்லை. பொக்கை வாயால், "உன் தம்பியப் போய்ப் பாரு, அங்க பாரு" என்று காதில் கத்தினார்.

அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்தாள்.

வேய்ன் பிழைத்துக்கொண்டான். அவன் வலது கை இனிக் கரண்டி பிடிக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பூச்சுக் கரண்டியும் சரி, சாப்பாட்டுக் கரண்டியும் சரி. கேய்னரை ஜாமீனில் விட்டார்கள். தம்பிக்கு விதித்திருந்த ஒன்றரை வருடத்தைவிட அதிகமாகவே உனக்குக் கிடைக்கும், மனதைத் தயார் செய்துகொள் என்றார் வக்கீல். அவள் தலையை ஆட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தினமும் போனாள்.

லென்னி கண் திறந்த வாரத்தில் நார்மன் புதுப் பல்செட்டோடு திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கம் வராமல் கதவிலேயே நின்றார்.

"நேத்து முடிவு பண்ணிட்டாங்க, கண்ணு. காப்பர் ஜக்குக்குக் குடுத்துட்டாங்க. ஒருத்தர்கூட எதிர்த்துக் கை தூக்கல. அந்தச் சாயங்காலம் நடந்ததே போதும், இந்த ஊருக்குப் பாட்டு ஆகாதுன்னு பேசினாங்க. அன்னைக்குப் பாட்டே இல்லியேம்மான்னு எந்திரிச்சுச் சொன்னேன். உக்காருங்க தாத்தான்னாங்க." திராட்சையை மேசை மேல் வைத்தார். "ஜெயிச்சுட்டேன் போலிருக்கு. வீட்டுல ஒரே அமைதியாத்தான் இருக்கு."

அவர் போன பிறகு கேய்னர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். லென்னியின் இடது பக்கம் அசையவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"நான் அடிச்சேனா?"

"இல்லடா. ஒரு அடிகூட அடிக்கல."

"உள்ள போக மாட்டேனே?"

"போக மாட்டே. நீ சொன்னபடி இருந்தே. கையை எடுக்கவே இல்ல."

அவன் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நல்ல பெயர் வாங்கிவந்த பையனைப் போல அவளைப் பார்த்தான். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். "எடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். நீ அங்கதான நின்னே?"

"ஆமா."

"பாத்தியா?"

"பாத்தேன். முதல் குத்துலேர்ந்து பாத்தேன்."

"ஏன் வரல?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். கூட்டம் மறித்தது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பழக்கம்டா" என்றாள். "நின்னே பழகிட்டேன்."

லென்னி மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கேய்னர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.