மேயர் கைதட்டிய கவிதை

அக்கா கேட்டது ஒரே ஒரு விஷயம். "மேடையில மேயர் பக்கத்துலதானே உட்காரப்போறே தம்பி? இந்த வீடும் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்லைன்னு அவர் காதுல போட்டு வை."

சாலையை அகலமாக்குவதற்காக அவள் குடியிருக்கும் தெருவையே இடிக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை இயந்திரம் வந்துவிடும். மாநகராட்சி அலுவலகத்துக்கு அவள் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். தையல்கடைச் சட்டைகளுக்கெல்லாம் காஜா போட்டுக் கொடுத்தே தம்பியைக் கல்லூரி வரை படிக்க வைத்தவள் அவள். அவன் இப்போது ஆங்கிலப் பேராசிரியர். ஆங்கிலத்திலேயே கவிதையும் எழுதுவான். நகர விழாவில் கவிதை வாசிக்க அவனை அழைத்திருந்தார்கள்.

காதில் ஒரு வார்த்தை போட்டால் வாய் வலித்தா போகும்? ஆனால் தம்பிக்கு ஒருவரிடம் போய்க் கெஞ்சுவதென்றால் வேப்பங்காய். "கெஞ்சினா மதிக்க மாட்டாங்கக்கா. கவிதையிலேயே கேட்கிறேன், நடுச்சபையில. நீயும் வந்து பாரு" என்றான். சோறு தண்ணி மறந்து எழுதினான்.

எழுதியது லேசுப்பட்ட கவிதை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏழையின் சுவரை இடித்து அந்தச் செங்கல்லிலேயே மாளிகை கட்டிக்கொள்ளும் நகரம், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் அதிகாரம், ஊசியும் நூலுமாய் நடுத்தெருவில் நிற்கும் ஒருத்தி, எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தான். மேயர் முகம் கறுக்கும், விருட்டென்று எழுந்து போவார் என்று எதிர்பார்த்தான்.

மேயர் எங்கும் போகவில்லை. வெளிநாட்டில் படித்தவர், ஒரு வரி விடாமல் புரிந்துகொண்டு ரசித்து ரசித்துத் தலையாட்டினார். முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டினார். சபை மொத்தமும் எழுந்தது.

"அடேயப்பா, என்ன கோபம் சார், என்ன கோபம்! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு" என்று அவனைக் கட்டிக்கொண்டார். "புதுச் சாலை திறக்கிற அன்னைக்கும் நீங்கதான் வந்து இதை வாசிக்கணும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஐயா, அந்த ஒருத்தி என் கூடப்பிறந்தவள், அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், கேமராவைப் பார்த்தபடி, "தேங்க்யூ சார்" என்றான்.

வாசலில் அக்கா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது.

"நம்ம வீட்டைப் பத்தித்தானே படிச்சே?"

"ஆமாக்கா."

"இடிக்கிறது அநியாயம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கா அவர் எழுந்து நின்னு கைதட்டினாரு! பெரிய மனுஷன்னா இப்படில்ல இருக்கணும்." அவளுக்குக் கண் இரண்டும் நிறைந்துவிட்டது.

அவன் இல்லைக்கா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போனில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துவிட்டாள்.

"அடியே, வண்டியில ஏத்துன சாமானையெல்லாம் இறக்கிடு. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. என் தம்பி நேருக்கு நேரா கேட்டுட்டான். மேயர் ஒத்துக்கிட்டாருடி!"