பேக்கரிக்காரர் வீட்டுப் பூட்டு

கணவனின் தலையை அவள் வாரிக்கொண்டிருந்தபோது அவனுடைய ஃபோன் அடித்தது. நேற்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டுச் சற்றுச் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றும்போதே, "கரண்டா?" என்றுதான் கேட்டார்கள். சோலார் வேலை பார்க்கிறவன் வேறு எதிலும் சாகக் கூடாதா? அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

ஃபோனில் பேக்கரிக்காரர். அவர் வீட்டு சோலார் ஒயரை மாற்றும் வேலையைப் பாதியில் விட்டுத்தான் நேற்று அவன் சாப்பிட வந்திருந்தான்.

"அண்ணே, நேத்திலிருந்து வீட்ல கரண்ட் இல்ல. மூச்சு மெஷின் இல்லாம அப்பா ராத்திரி பட்ட பாடு சொல்லி மாளாது. நீங்க வரலேன்னா சுவிட்சுல நீங்க போட்ட பூட்டை அறுத்துடவா? ஆக்ஸா பிளேடு எடுத்து வெச்சிருக்கேன்."

"ஐயோ, தொடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

"அதான் மெயினை ஆஃப் பண்ணியிருக்காரேம்மா, அப்புறம் என்ன பயம்?"

"மெயின் சுவிட்ச் தெருக் கம்பத்திலேர்ந்து வர்றதை மட்டும்தாங்க நிறுத்தும். மேல வெயில் அடிக்குதுல்ல? பேனல்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும். பேனல் சுவிட்சைப் போட்டீங்கன்னா, அவர் வெட்டி வெச்ச ஒயர்ல நேரா வந்து நிக்கும். நான் வர்றேன்."

சாவை அவள் சொல்லவில்லை. சொன்னால், 'நீங்க அலையாதீங்கம்மா, நானே பாத்துக்கறேன்' என்பார் அந்த நல்ல மனுஷன். பார்த்தும் கொள்வார்.

"கட்டினவன் கிடக்கிறான், இப்ப என்ன வேலை வேண்டிக்கிடக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

கணவனின் தங்கை எழுந்து வந்து அவள் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வாங்க அண்ணி. எடுக்கறதுக்குச் சாயங்காலம் ஆகும். அண்ணன் பக்கத்துல நான் இருக்கேன்."

பேக்கரிக்காரர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் இருந்தது. மெயின், பேட்டரி, பேனல் மூன்று சுவிட்சையும் அணைத்து, மூன்றிலும் பூட்டுப் போட்டிருந்தான் அவள் கணவன். எலி கடித்த ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, புதியதைப் பாதி இழுத்திருந்தான். அவளும் அவனும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். ஒருவர் ஒயரில் கை வைத்திருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே என்று, பூட்டினவர்தான் திறக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத நாட்களில்கூட ஒருவர் சாவியை மற்றவர் தொட்டதில்லை. அவசரமென்றால் ஃபோன் செய்து, "நான் ஒயர் பக்கம் இல்ல, திற" என்று வாயால் சொல்ல வைத்த பிறகுதான். இன்று யாரைக் கேட்பது?

மாடி, படிக்கட்டு, கூரை என்று எல்லா இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒயர் பக்கம் ஒருவரும் இல்லை. அவனும் இல்லை. அவன் பூட்டுகளுக்குப் பக்கத்தில் தன் பூட்டுகளை மாட்டிய பிறகு, அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வந்த சாவியால் அவனுடையவற்றைத் திறந்தாள்.

தன் பையில் கொண்டுவந்திருந்த சின்ன பேட்டரியில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, வெட்டிய ஒயரில் வைத்தாள். சைபர்; கரண்ட் இல்லை. மறுபடி அந்தச் சின்ன பேட்டரியில் வைத்துப் பார்த்த பிறகே ஒயரில் கை வைத்தாள். இத்தனை நேரத்தில் முதல்முறையாகத் தான் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலை முடிந்து, தன் பூட்டுகளைக் கழற்றி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். உள்ளே மெஷின் முனக ஆரம்பித்தது. பேக்கரிக்காரரின் அப்பா முகமூடியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

"அண்ணன் ஏம்மா வரல?" என்றார் பேக்கரிக்காரர்.

"நேத்து மதியம் போயிட்டாருங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கரண்டா?"

"இல்லீங்க, நெஞ்சு வலி. கரண்ட் ஒரு நாளும் அவர் மேல கை வெச்சதில்ல."

சொல்லும்போது பெருமையாக இருந்தது. அதே மூச்சில் நேற்றிலிருந்து வராத அழுகையும் வந்தது. பேக்கரிக்காரர், "இனிமே இதுல ஏதாவது கோளாறுன்னா..." என்று ஆரம்பித்து, கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்வெர்ட்டர் மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் அவன் நம்பர் இருந்தது. பேக்கரிக்காரரிடம் பேனா வாங்கி, அந்த நம்பரைக் கோடிட்டு அடிக்காமல், அதற்குக் கீழே தன் நம்பரை எழுதினாள். மை காய்கிறவரை ஊதினாள்.