முள்மரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி

பேராசிரியை கேட்டது நான்கே படங்கள். மரம் முழுவதும் தெரியும்படி ஒன்று, பட்டை ஒன்று, இலை ஒன்று, முள் ஒன்று. அவர் எழுதிக்கொண்டிருந்த தாவரப் புத்தகத்துக்கு ஓராண்டாக நான்தான் படம் எடுத்துக் கொடுத்து வந்தேன்.

"முள்ளுதான் முக்கியம். பக்கத்தத் திருப்பினதுமே கை கூசணும்" என்றார் போனில்.

மரம் இருந்தது, கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பின்னால் ஒரு சரிவில். இடத்தைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் அண்ணன் வீடு. அண்ணன் இறந்து மூன்று வருஷம். அண்ணி மட்டும் அங்கே தனியாக இருந்தார். எப்போதாவது போனில் நலம் விசாரிப்பேன். அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்து வந்தேன்.

அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லை. மற்ற மரங்களில் முள் கிளையில்தான் இருக்கும். இதற்கு அடிமரத்திலேயே தொடங்கியது. விரல் நீள முள், அதன் பக்கவாட்டில் இன்னும் இரண்டு, அவற்றிலிருந்து மேலும் சில என்று கொத்துக் கொத்தாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓர் எறும்புகூடப் பார்த்துத்தான் ஏறியது. கேமரா முக்காலியை நிறுத்திவிட்டுக் குனிந்தவன் நிமிர்வதற்குள் ஒரு முள் சட்டைக் கையைக் கிழித்துவிட்டது. கீச்சான் குருவி ஒன்று வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து ஒரு முள்ளில் குத்தி வைத்துவிட்டுப் போனது. வேறு முட்களிலும் காய்ந்த வண்டுகள் தொங்கின. நல்ல படம் கிடைத்தது என்று மளமளவென்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் கணினியில் போட்டுப் பார்க்கும்போது, கிளை பிரியும் இடத்தில், முட்களுக்கு வெகு உள்ளே ஏதோ மின்னியது. வண்டின் சிறகு என்று நினைத்துப் பெரிதாக்கினேன். வண்டு இல்லை. மூக்குக்கண்ணாடி. கறுப்புச் சட்டம், தடித்த கண்ணாடி வில்லைகள். இடது காதில் மாட்டும் கம்பி உடைந்து, அந்த இடத்தில் சிவப்பு ஒயர் இறுக்கிச் சுற்றியிருந்தது.

அந்த ஒயரைச் சுற்றியவன் நான். பழைய பிளாஷ் விளக்கிலிருந்து வெட்டி எடுத்த ஒயர்.

என் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பட்டப்பெயர் சோடாபுட்டி. கண்ணாடி இல்லையென்றால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். அப்படிப்பட்டவன் பட்டப்பகலில், சாலையோரம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். எப்படி மோதினான் என்று யாருக்கும் புரியவில்லை. உடலோடு கண்ணாடி இல்லை. எங்காவது தெறித்துப் போயிருக்கும் என்றார்கள். "பிள்ளைய கண்ணு தெரியாமலே மேலோகத்துக்கு அனுப்பிட்டோமே" என்று அம்மா அரற்றியதைத் தாங்க முடியாமல், நான் இரண்டு நாள் அந்தச் சாலையோரச் சாக்கடையில் இறங்கிக் கையால் துழாவினேன்.

மறுநாள் காலை அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினேன். மெலிந்திருந்தார். தண்ணீர் கொடுத்தபோது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை வெள்ளையாய்க் கீறல் தழும்புகள்.

"கையில என்ன அண்ணி?"

"பூனை."

வீட்டில் பூனை இருந்த சுவடே இல்லை. போனில் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவர் மாற்றல் உத்தரவுல கையெழுத்துப் போடப் போறேன்னு நின்னாரு தம்பி. இந்த ஊர விட்டு வர மாட்டேன்னு நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. குளிக்கப் போன நேரமாப் பாத்து கண்ணாடிய எடுத்துத் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டேன். அது இல்லாம எங்க போயிடுவாருன்னு நெனச்சேன். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாரு. கடைசியில, பழகின ரோடுதானேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு."

சாக்கடை நாற்றம் அப்போதும் மூக்கில் ஏறியது.

"நான் ரெண்டு நாள் தேடினேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க."

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாய் வரல. தூக்கிப் போடவும் மனசு வரல. வீட்டுலயும் வெச்சுக்க முடியல. அந்த மரத்துக்குள்ள எவனும் கைய விட மாட்டான்ல." கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, "அவரும் விட மாட்டாருன்னு நெனச்சேன்" என்றார்.

"யாரு?"

"உங்க அண்ணன்தான். தெனமும் காலையில, அன்னைக்குத் தேடின அதே ஆறே முக்காலுக்குத் தேடுறாரு."

துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் குரலில் பதற்றமே இல்லை. தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"அப்படின்னா எடுத்துக் கண்ணுல படுற மாதிரி வெச்சிருக்கலாமே அண்ணி."

"வெச்சா, நான்தான் ஒளிச்சேன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே."

அதற்குமேல் எனக்குக் கோபப்படத் தெம்பில்லை.

மத்தியானம் இருவரும் சரிவில் ஏறினோம். தோல் உறை மாட்டிய என் கை பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. அண்ணி என்னை விலகச் சொன்னார். உறையை வாங்கிக்கொள்ளவில்லை. எந்த முள்ளுக்குக் கீழே நுழைந்து எந்த முள்ளுக்கு மேலே வளைய வேண்டும் என்பது அவர் கைக்கு மனப்பாடமாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது, வைத்த அன்றோடு முடியவில்லை. பலமுறை வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார். கை வெளியே வந்தபோது இரத்தம் கோடு கோடாய் வழிந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விழ, முந்தானையால் அவசரமாகத் துடைத்தார்.

அதைக் கழுவி, அண்ணன் வழக்கமாகக் கழற்றி வைக்கும் டிவி மேசையின் ஓரத்தில் வைத்தோம். அண்ணி ஒருமுறை வைத்ததை எடுத்து மீண்டும் சரியாக வைத்தார். நான் அன்று அங்கேயே தங்கினேன்.

காலையில் விழித்தபோது சன்னல் வெளுத்திருந்தது. அண்ணி ஏற்கெனவே எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடிகாரம் ஆறு நாற்பத்தைந்தைத் தொட்டது.

முதலில் செருப்புச் சத்தம். குதிகாலைத் தூக்காமல் தேய்த்து நடக்கும் அதே நடை. அதற்காக அம்மாவிடம் அவன் வாங்காத திட்டு இல்லை. படுக்கையறையில் இழுப்பறை திறந்து மூடியது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. ஒரு தலையணையை எடுத்துத் தட்டிப் போடும் ஓசை. எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை; பார்க்கக் கூடாது என்றும் தோன்றவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தேன், அவ்வளவுதான்.

சத்தம் கூடத்துக்கு வந்தது. எங்களைக் கடந்தது. டிவி மேசையருகே நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணி கண்ணை இறுக மூடி, அடி வாங்கப் போகும் பிள்ளை போலத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. அப்புறம் எதுவும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது.

அண்ணி கண்ணைத் திறந்தார். "போயிட்டாரா?"

"போயிட்டாரு போல."

"திட்டவே இல்லையே தம்பி" என்றார். "ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம்." அதன் பிறகுதான் அழுதார். அண்ணன் செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

அன்றோடு சத்தம் நின்றுவிட்டது. நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. வீடு காலியாகிவிட்டது என்கிறார். காலை நேரத்தில் போன் செய்தால் எடுப்பதில்லை. ஏழு மணிக்குமேல் தானே கூப்பிட்டு, "சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்வார். அவரை மன்னித்துவிட்டேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போகிறேன். இருவரும் சாப்பிடுகிறோம். அவர் கைத் தழும்புகள் மெல்ல மங்கி வருகின்றன. அது தனக்குப் பிடிக்கவில்லை என்று போன வாரம் சொன்னார்.