இல்லாத மாத்திரை

பள்ளிக்கூடத்து ஆலோசனை அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கடகடவென்று ஓடும் மின்விசிறி. அன்று மதியம் அங்கே உட்கார்ந்திருந்த ஆய்வாளருக்கு லேசான வேலைதான் பாக்கி. போதைப்பொருள் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறார்கள் அல்லவா? அதனால் பயன் உண்டா என்று அளக்க ஒரு கேள்வித்தாள் இருந்தது. அந்தக் கேள்வித்தாளையே நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இரண்டு வாரம் விட்டு அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளைக் கொடுப்பாள். பதில் புரள்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் சிலரைத் தனியே கூப்பிட்டு, எந்தக் கேள்வி எப்படிப் புரிந்தது என்று விசாரிப்பாள்.

விளையாட்டுக்குப் பொய் எழுதுகிறவர்களைப் பிடிக்க ஒரு பொறியும் வைத்திருந்தாள். போதைப்பொருள்களின் பெயர்களுக்கு நடுவே உலகத்திலேயே இல்லாத ஒரு பெயர். அதைப் பயன்படுத்தியதாகக் குறிக்கிற பிள்ளையின் மற்றப் பதில்களையும் நம்ப முடியாது. பெயர் வைத்தது அவள் கணவன். "கேட்டாலே நிஜம்னு தோணணும், ஒண்ணு சொல்லுங்க" என்று சாப்பிடும்போது கேட்டாள். அவன் நீலச் சுவரில் ஒட்டியிருந்த பல்லியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீலப்பல்லி" என்றான். இருவரும் புரையேறச் சிரித்தார்கள்.

முதல் சுற்றில் அதைக் குறித்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். இரண்டாம் சுற்றில் ஒரே வகுப்பில் பத்துப் பேருக்கு மேல். வாண்டுகள் பேசி வைத்துக் கலாட்டா பண்ணுகின்றன என்றுதான் நினைத்தாள்.

அன்று அந்த வகுப்பிலிருந்து பேச வந்தவளுக்குப் பதினாலு வயசு. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் எல்லோரும் அவளை வானொலி என்றே கூப்பிட்டார்கள்.

"நீ சொல்றது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகாதும்மா."

"எங்க டீச்சர்கிட்ட?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தா, இதுல நீலப்பல்லின்னு இருக்கே, படிச்சப்ப என்ன நினைச்ச?"

"மொத தடவை ஒண்ணும் புரியல மிஸ். இப்பத் தெரியும். நீலமா இருக்கும். பாதி போட்டாலே போதுமாம்."

ஆய்வாளருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "யாரு சொன்னா?"

"எதிர்த்தாப்புல போன் கவர் விக்கிற அண்ணன். எங்க கிளாஸ் பசங்கதான் அவர்கிட்டப் போய்க் கேட்டாங்க, நீலப்பல்லி கிடைக்குமான்னு. உங்க கேள்விப் பேப்பர்ல போட்டிருந்துச்சுல்ல? அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அப்புறம் அவரே கூப்பிட்டு, வந்துருச்சுன்னாரு."

ஆய்வாளர் சிரிப்பை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீ போட்டியா?"

"ஐயோ, நான் போடல. இன்னைக்கு ரெட்டைச்சடைதான் பாதி போட்டா. தூக்கம் வருதுன்னு லைப்ரரிக்குப் போனா. இந்நேரம் முழிச்சிருப்பா."

ரெட்டைச்சடை வானொலியின் உயிர்த்தோழி. ஆய்வாளர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினாள். நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால், புத்தகப் பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துக் கிடந்தாள் அந்தப் பெண். உதடு வெளுத்திருந்தது. உலுக்கினாள், தலை துணி பொம்மை மாதிரி ஆடியது. மூக்கருகே விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. விரலை எடுக்கப் போன நேரத்தில், விரலில் இளஞ்சூடாக ஒரு காற்று பட்டது. அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான், ஆட்டோவில் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் வந்ததும் விசாரித்தார்.

"என்ன சாப்பிட்டா?"

"நீலப்பல்லின்னு..."

"அது என்ன மருந்து?"

"அப்படி ஒண்ணு கிடையாது டாக்டர்."

"கிடையாதுன்னா? இல்லாததைத் தின்னா இப்படிக் கிடக்கா?"

"பேரை நாங்கதான் இட்டுக்கட்டினோம், கேள்வித்தாளுக்காக. எவனோ அந்தப் பேரைச் சொல்லி எதையோ வித்திருக்கான். என்னன்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "மூச்சுக்கு வழி பண்ணிட்டோம். ஆனா உள்ள போனது எதுன்னு தெரியாம அடுத்த மருந்து கொடுக்க பயமா இருக்கு. மிச்சம் இருந்தா கொண்டு வாங்க."

பாதி. பாதிதான் போட்டாள் என்று வானொலி சொன்னாளே.

பள்ளிக்குத் திரும்பி ஓடினாள். ஆலோசனை அறையில் வானொலி நகத்தைக் கடித்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள். வாசலில் தலைமையாசிரியை மறித்தார். "உங்களுக்கு யார் சொன்னது?" ஆய்வாளர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"மீதிப் பாதி உன்கிட்டதானே இருக்கு?"

வானொலிக்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. விரலை வாயிலிருந்து எடுத்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்க" என்றாள்.

"சொன்னேன். இப்ப அந்த வாக்கைக் காப்பாத்த முடியலம்மா."

"அப்பா என்னைக் கொன்னுடுவாரு."

அப்பாவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே மாத்திரை கைக்கு வந்துவிடும். நாக்கு நுனிவரை வந்ததை ஆய்வாளர் விழுங்கினாள்.

"அப்பாவுக்குத் தெரியத்தான் போகுது. அவர் வரும்போது நான் உன் பக்கத்துலயே இருப்பேன். உன் ஃபிரண்டு மூச்சுவிடக் கஷ்டப்படறா. டாக்டருக்கு அது என்னன்னு தெரியணும்."

சிறுமி குனிந்து ஷூவைக் கழற்றினாள். சாக்ஸுக்குள் மடித்த காகிதம்.

ஆய்வாளர் அதைப் பொத்திப் பிடித்தபடி திரும்ப ஓடினாள். டாக்டரிடம் கையை விரித்தபோது உள்ளங்கையெல்லாம் நீலம். வியர்வையில் மை கரைந்து ஒட்டியிருந்தது. மைக்கு அடியில் மாத்திரை வெள்ளை. டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டு, உடைந்த ஓரத்தில் இருந்த எழுத்தை விளக்கடியில் பிடித்துப் படித்தார். தாங்க முடியாத வலிக்குப் பெரியவர்களுக்கே அளந்து கொடுக்கிற மருந்து. நர்ஸிடம் ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

வெளியே பெஞ்சில் ரெட்டைச்சடையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை செய்யும் இடத்துக் கையுறை, கழற்ற மறந்துபோனது.

"நீங்க அவ டீச்சரா?"

"இல்லம்மா." பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வாளர் எல்லாவற்றையும் சொன்னாள், வீட்டில் சிரித்ததைத் தவிர.

அந்த அம்மா எழுந்து போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தலைமையாசிரியை வானொலியைக் கூட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே அவள் அப்பா வந்தார். மகளை அடிக்கக் கை ஓங்கினார். ஆய்வாளர் நடுவில் போய் நின்றாள். ஓங்கிய கை அப்படியே மகள் தலைமேல் இறங்கி அங்கேயே இருந்தது. இருட்டுவதற்குள் ரெட்டைச்சடை கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

ஆனால் ஆய்வாளருக்குப் பயம் இறங்கவில்லை. போன் கவர் கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு மாயமாகிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. அதே கேள்வித்தாள் வேறு பள்ளிகளுக்கும் கட்டுக்கட்டாகப் போயிருந்தது. அவற்றைத் திரும்ப வாங்க விடிந்ததும் கணவனோடு கிளம்பினாள். அவன் வண்டியோட்டினான். போன இடமெல்லாம் கட்டு பிரிக்காமல் கிடைத்தது. கடைசிப் பள்ளியில் மட்டும் முதல் பீரியடிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வரியை அடிக்கச் சொன்னால் போதும், அத்தனை பேருக்கும் அதன்மேல்தான் கண் போகும். பொத்தி வைத்தாலோ, வாசலுக்கு வெளியே எவனாவது அந்தப் பெயரில் எதையாவது விற்கக் காத்திருப்பான். மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரை எதற்காக இட்டுக்கட்டினார்கள், அதை நம்பி ஒரு பெண் எதைத் தின்றாள் என்று உள்ளது உள்ளபடி சொன்னாள்.

பின் வரிசையில் ஒரு கை எழுந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா மிஸ்?"

"முழிச்சுட்டா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.