கரைச் சட்டத்தின் கடைசி வரி

என்னைக் கட்டிய மாப்பிள்ளை பாக்கர் மௌத்தாகிக் கண்மூடிய பிறகு ஊரே சொன்னது ஒன்றுதான்: "நல்ல மனுசன்." நல்ல மனுசன்தான், யார் இல்லை என்றது? அந்த நல்லதுதான் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

பெரியபட்டினத்துக் கரையில் கரைவலை இழுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வலை போட ஓர் இடம் உண்டு. பாடு என்போம். நாட்டுக்குப் புதுச் சட்டம் வந்த வருஷம், நம் கரைக்கும் ஒன்று வேண்டும் என்று குதித்தவர் அவர்தான். எழுதியவரும் அவர்தான். வலைக்காரன் செத்தாலும் பாடு அவன் வீட்டுக்கே என்று அதில் இருந்தது. கடைசி வரி, பாடு உள்ள அத்தனை பேரும் கை தூக்கினால் ஒழிய எதையும் மாற்றக் கூடாது.

அந்த வருஷ வாடையில் அடித்த புயலில் மேற்குப் பாடுகளில் மணல் போய்க் கல் எழும்பிவிட்டது. வலை போட்டால் கிழிசல்தான் மிச்சம். மேற்குக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கிழக்குப் பாடுகளில் அவர்களும் முறை வைத்து வலை போடட்டும் என்றார் இவர். எங்கள் பாடு கிழக்கில்தான் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள், ஹமீது சுல்தான் மாமாவைத் தவிர. அவருக்கும் பாடு கிழக்கில்.

"எழுதுனது எழுதுனதுதான். இன்னைக்குக் கல்லுக்காக மாத்துவீக, நாளைக்கு எதுக்காக மாத்துவீக?" என்று கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாதக்கணக்கில் அப்படியே போனது. மேற்குத் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கஞ்சிக்கு வந்து நின்றன. கிழவனை நான் திட்டாத திட்டில்லை. ஒருநாள் என் மாப்பிள்ளை பேப்பரை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"இங்க பாருடி உம்மு ஹபீபா! டில்லியில அம்மாம் பெரிய சட்டத்தையே ஒன்றரை வருசத்துல திருத்திப்புட்டாக. நம்ம மணல்மேட்டுச் சட்டம் என்ன, வானத்துலருந்தா எறங்குச்சு?"

அன்றிலிருந்து ஹமீது சுல்தான் வலைக்குக் கயிறு இழுக்க ஒருவனும் போகவில்லை; ஆள் கூடாமல் கரைவலை கரையேறாது. ஸலாம்கூடச் சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்குவார்? கை தூக்கினார். கடைசி வரியை அடித்து இவர் புதிதாக எழுதினார்: கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். அதோடு கிழக்கில் முறையும் வைத்தார்கள், மேற்குத் தெருவில் மீன் வாசனை வந்தது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகுதான் கேள்விப்பட்டேன், டில்லியில் பாதிக் கை போதாதாம், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். மனுஷன் பேப்பரைப் பாதிதான் படித்திருக்கிறார்.

அதற்கு மூன்றாம் வருஷம் கடல் அவரைக் கொண்டுபோனது. எங்களுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். மௌத்துக்குப் பிறகு நாலு மாசம் பத்து நாள் நான் இத்தாவில் இருந்தேன். வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. நான் உள்ளே இருக்கும்போதே கரையில் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

இத்தா முடிந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேரே கரைக்குத்தான் போனேன். மேற்குத் தெரு சதக் எங்கள் இடத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக் கஞ்சி குடித்தவன்.

"எங்க பாட்டுல உனக்கு என்னடா வேலை?"

"லாத்தா, கோவிச்சுக்கிராதீக. ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லைன்னு மாத்தியாச்சு. நம்ம பாக்கர் காக்கா எழுதி வச்ச வழியிலதான் மாத்துனோம், ஒண்ணும் தப்பில்ல."

"என்னைய ஏன் கேக்கல?"

"நீங்க இத்தாவுல இருந்தீகள்ல."

"இப்ப வந்துட்டேன்ல? கூட்டத்தக் கூட்டு. பாதிப் பேருதானே, திருப்பி மாத்து!"

"பாடு உள்ளவுகதான் கூட்டம் கேக்க முடியும் லாத்தா."

அடப்பாவி! மாற்றுவது லேசு, ஆனால் எனக்கு மட்டும் அது பூட்டிய கதவு.

ஹமீது சுல்தான் மாமா பக்கத்தில் வந்து நின்றார். "நான் கை தூக்கல புள்ள. முன்ன மாதிரின்னா நான் ஒருத்தன் போதும், நிறுத்தியிருப்பேன். நீங்கதானே என்னைய மடக்குனீக."

"முன்ன அந்த ஒரு கைதானே மாமா மேற்குத் தெருவையே பட்டினி போட்டுச்சு?"

அவர் தன் வலைப்பக்கம் திரும்பி நடந்தார்.

எங்கள் பாட்டில் சதக்கின் வலை இறங்கியது. கயிறு இழுக்க ஆள் பத்தவில்லை என்று கத்தினார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே! துப்பட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. கூலிக்குக் கயிறு பிடிக்க ஆம்பளைதான் வேண்டும் என்று மட்டும் அவர்கள் சட்டம் போடவில்லை.