சர்க்கரை போடாத காபி

மார்ச் மாதம் எங்கள் வீட்டுக்காரர் அசரியாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன நாளிலிருந்து நான் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். கோபப்படவும் தெம்பு வேண்டாமா? விடிவதற்குள் அடிபம்பில் குடத்தோடு நிற்கவேண்டும். அவரைத் துடைத்து, ஊட்டி, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனிக்குப் பட்டன் தைக்க ஓடவேண்டும். சாயங்காலம் குரோம்பேட்டைக்குத் திரும்பி வந்து மறுபடியும் துடைக்கவேண்டும். இதில் எதற்கென்று நன்றி சொல்வது?

அவர் பஸ் கண்டக்டர். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் தொண்டை கிழியக் கத்திய மனுஷன். வீட்டிலும் அதே கத்தல்தான். காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தால் என் பரம்பரையையே இழுப்பார். இப்போது எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மை ஒன்றைச் சொல்லவேண்டும். உடனே எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவே மாட்டேன். கூட்டத்தை நடத்தும் பேபி அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காய்கறிக் கடையில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"ரத்தினம், நீ வாயத் தொறந்து நன்றி சொல்ற வரைக்கும் அவருக்கு வாய் தொறக்காதுடி. வர்ற வெள்ளிக்கிழமை உன் வீட்லதான் கூட்டம். எழுந்து சொல்லு."

அவர் ஊமையாகக் கிடப்பதற்கு நான்தான் காரணமா? பொய்யாக ஒரு நன்றி சொன்னால் கர்த்தர் ஏமாந்துவிடுவாரா? ஆனால், ஒருவேளை அக்கா சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? அந்த வாரம் முழுக்க பட்டனைத் தைத்தேனா, விரலைத் தைத்தேனா என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பம்பில் சண்டை, நேரமாகிவிட்டது. அவசரத்தில் சர்க்கரை போட மறந்து, காபியை அவர் வாயில் புகட்டிவிட்டேன். முகத்தைச் சுளித்தார். அப்படியே என் புடவை மேல் துப்பினார்.

"சனியனே!"

தெளிவாகச் சொன்னார், அதே கண்டக்டர் குரலில். நான் டம்ளரோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"யோவ், இன்னொரு தபா திட்டுய்யா" என்று கெஞ்சினேன். அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை.

சாயங்காலம் எங்கள் ஒற்றை அறையில் சபை நெருக்கியடித்து உட்கார்ந்தது. என் முறை வந்ததும் பேபி அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்தேன்.

"இன்னிக்குக் காலைல எங்க வூட்டுக்காரரு என்னை சனியனேன்னு திட்னாரு. அதுக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்!" என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எதற்குச் சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்னாலிருந்து யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பேபி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"சொல்லிட்டல்ல? இனிமே கடகடன்னு பேசுவாரு பாரு."

நம்பினேன், பாவி. மறுநாள் காலை வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"இன்னாய்யா, கசக்கல?"

அவர் ஃபேனைப் பார்த்தார்.

காலி டம்ளரோடு அடுப்படியில் போய் நின்றேன். உடம்பெல்லாம் வலித்தது. அங்கே பேபி அக்கா இல்லை, சபை இல்லை, என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

"கர்த்தரே, நேத்து அவருக்கு ஒரு வார்த்த குடுத்தியே, ஸ்தோத்திரம்" என்றேன்.

அப்புறம் மிச்சமிருந்த பாலைச் சுடவைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு, இன்னொரு காபி கலந்து அவரிடம் எடுத்துப் போனேன்.